நூறு வாட்ஸும் ஒரு தவில் அடியும்

தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் விற்ற டூ-இன்-ஒன்களைப் பற்றி உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். முகப்பில் தங்க நிற ஸ்டிக்கரில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று மின்னும். பின்பக்கம் திருப்பினால், மின்சாரம் சாப்பிடுவது 20 வாட்ஸ் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். இருபது உள்ளே போய் ஆயிரமாக வெளியே வருகிற யந்திரம்! மின்சார வாரியம் அப்போதே நாலு வாங்கிப் போட்டிருந்தால் பவர்கட்டே இருந்திருக்காது.

ஸ்டிக்கர் போய்விட்டது. வாட்ஸ் மோகம் போகவில்லை. எங்கள் செக்ஷன் தம்பி ஒருவர், கல்யாணம் நிச்சயமானவர், சீட்டு எடுத்த நாற்பதாயிரத்தோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினார். அவருடைய அப்பாவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். காது மந்தமாகிக்கொண்டே வருகிறது.

"முழுசா போறதுக்குள்ள, மண்டபத்துல முன் வரிசையில உக்காந்து கேக்கற மாதிரி ஒரு தடவை கேக்க வச்சுரணும் ஸார்" என்றார்.

லிஸ்ட்டைக் காட்டினார். ஆம்ப்ளிஃபயர், சானலுக்கு நூறு வாட்ஸ், முப்பதாயிரம். மிச்சமிருந்த பத்தாயிரத்துக்கு ஷூ டப்பா சைஸில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்.

"ஸ்பீக்கரோட சென்ஸிடிவிட்டி எவ்வளவு தம்பி?"

"அதெல்லாம் கேக்கலியே. நூறு வாட்ஸ் தாங்கும்னான் ஸார்!"

தாங்குவது வேறு, பாடுவது வேறு. ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறதோ அதுதான் சென்ஸிடிவிட்டி. பைக்குக்கு மைலேஜ் மாதிரி. ஷூ டப்பாக்கள் 84, 85 கொடுக்கும். பெரிய பெட்டிகள் 90-ஐத் தாண்டும். 'பூ, பத்துதானே வித்தியாசம்' என்பீர்கள். டெசிபலின் குறும்பே அதில்தான் இருக்கிறது. 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட்ஸ் இரண்டு மடங்கு. 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு! 84 டெசிபல் ஸ்பீக்கர் நூறு வாட்ஸில் போடும் சத்தத்தை 94 டெசிபல் ஸ்பீக்கர் பத்தே வாட்ஸில் போட்டுவிடும். ஆடி மாசம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் சில பத்து வாட்ஸில் நாலு தெருவை எழுப்புகிறதே, எப்படி? அந்தக் கூம்புக்கு 105 டெசிபல் சர்வசாதாரணம்.

அப்படியானால் வாட்ஸே வேண்டாமா? இங்கேதான் தவில்காரர் குறுக்கே வருகிறார். ஹாலில் பத்தடி தள்ளி உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்க, அந்த ஷூ டப்பாவுக்குக்கூட ஒரு வாட் போல இருந்தால் போதும். ஆனால் ஒரு தவில் அடி விழும் கணத்தில் சத்தம் சராசரியைவிட 20 டெசிபல் எகிறக்கூடும். இருபது டெசிபல் என்றால் நூறு மடங்கு. ஒரு வாட் சட்டென்று நூறு வாட்ஸ்! தம்பியின் முப்பதாயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயர் அங்கேயே மூச்சு வாங்கி நிற்கும். 'இன்னும் கொஞ்சம் வை' என்று அப்பா சொன்னால், கொடுக்க ஒன்றுமில்லை. அலையின் தலையைச் சீவிவிடும். கிளிப்பிங் என்று பெயர். தவில் தகர டப்பா ஆகிவிடும். இதே பழக்கமாகப் போனால் ட்வீட்டர் கருகும். மந்தமான காதுக்குச் சத்தத்தைவிடத் தெளிவு முக்கியம். அந்தத் தெளிவுதான் முதலில் பலியாகும்.

"அப்ப எல்லாரும் 94 டெசிபல்ல சின்னதா பண்ண வேண்டியதுதானே?" என்றார். நியாயமான கேள்வி. ஹாஃப்மன் என்ற அமெரிக்கர் இதற்கு ஓர் இரும்பு விதியே போட்டிருக்கிறார். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்ஸிடிவிட்டி – மூன்றில் இரண்டைத்தான் கேட்கலாம். சென்னையில் வீடு தேடுகிற மாதிரி. குறைந்த வாடகை, நல்ல தண்ணீர், ஆபீஸுக்குப் பக்கம்; மூன்றும் கேட்டால் புரோக்கர் போனை எடுக்க மாட்டார்.

கேட்டலாக்கிலும் ஒரு தில்லாலங்கடி உண்டு. 2.83 வோல்ட்டில் அளந்ததாகப் போட்டிருப்பார்கள். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். நாலு ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டு வாட்! மூன்று டெசிபல் ஓசியில் ஏறிவிடும். கழித்துக்கொள்ளுங்கள்.

தம்பி பட்ஜெட்டைக் கவிழ்த்துப் போட்டார். ஸ்பீக்கருக்கு இருபத்தைந்து, 91 டெசிபல், இடுப்பு உயரம். மிச்சத்துக்கு 50 வாட்ஸில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். "வர்ற பொண்ணோட பீரோவை எங்கடா வைப்பே?" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லாரி போட்டாராம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் அசையாமல் கேட்டாராம். பிறகு சொன்னாராம்: "ரெண்டாவது தவில்காரன் கொஞ்சம் முந்தறான்டா."