சுற்றுவழியும் சரியான கணக்கும்

குடும்பத்தோடு கண்டியிலிருந்து கொழும்புக்கு வாடகை வேனில் புறப்பட்டோம். வேனிலிருந்த ஜீ.பி.எஸ். கருவி 116 கி.மீ. என்றது. கடுகண்ணாவையில் மண்சரிவு எனக் கேள்விப்பட்டு, கட்டுகஸ்தோட்டை, குருநாகல், அம்பேபுஸ்ஸை வழியே சுற்றிப் போனோம்.

கொழும்பில் சாரதித் தம்பி 136 கி.மீ.க்குக் கூலி கேட்டார். "கூட்டிக் கேட்கிறாரே!" என்று என் மனம் கசந்தது. அவரோ பொறுமையாக ட்ரிப் மீற்றரைக் காட்டினார். புறப்படும்போதே அதைப் பூச்சியத்தில் வைத்திருந்தார்.

பாதை மாறினால் ஜீ.பி.எஸ். திரை இனிப் போகவேண்டிய தூரத்தையே காட்டும். குருநாகலில் அது 94 என்றபோது, கடந்து வந்த 42 கி.மீ.ஐ நான் கூட்டவில்லை.

நீங்களும் புறப்படுமுன் மீற்றரைப் பாருங்கள். பிறகு எவரையும் சந்தேகிக்க வேண்டியிராது. நான் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டே இறங்கினேன்.