உள்ளே இல்லாத பெயர்



எங்கள் வகுப்பில் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து வருவோரும் உண்டு. மலைக்கோட்டையைச் சுற்றி வாழ்வோரும் உண்டு. "கோயிலுக்குப் போனேன்" என்று ஒருத்தி சொன்னால், எந்தக் கோயில் என்பது அவள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஸ்ரீரங்கத்து வீதிகளில் அது அரங்கநாதர் கோயில்தான். வைணவ மரபில் அடைமொழி இன்றிக் 'கோயில்' என்றாலே திருவரங்கம். சைவர்க்கோ அது தில்லை. நம் பள்ளி வளாகத்திலோ அதே சொல் நம் சிற்றாலயத்தைக் குறிக்கிறது. சொல் ஒன்றே, பொருளைத் தருவது இடம்.

கணினியும் இவ்வாறே பெயருக்குப் பொருள் தேடுகிறது என்பதைத் தரவுத்தளப் பாடத்தில் கற்றோம். தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் வெளியிட்டார். அவ்வட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை 1974இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் அறிமுகம் செய்தனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். எனப்படுவது.

இம்மொழியில் ஒரு வினவலுக்குள் இன்னொரு வினவலை வைக்கலாம். அதற்குத் துணை வினவல் என்று பெயர். ஸ்ரீரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். துணை வினவல் உட்சுற்று. அதைச் சூழ்ந்த வினவல் வெளிச்சுற்று. உள்ளே ஒரு நெடுவரிசையின் பெயர் வந்தால், கணினி முதலில் உள் அட்டவணையில் தேடும். கிடைத்தால் அதோடு நிறுத்திவிடும். கிடைக்காவிட்டால் மதிலைக் கடந்து அடுத்த வெளிச்சுற்றில் தேடும். கடைசிச் சுற்றிலும் இல்லையென்றால்தான் பிழை என்று சொல்லும்.

இவ்விதி வீணானதன்று. தன் வகுப்பின் சராசரியைவிட அதிக மதிப்பெண் பெற்றவர் யார் யார் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாணவியும் எந்த வகுப்பு என்பதை உள் வினவல் வெளியிலிருந்துதானே அறிய வேண்டும்?

ஆயினும் இதே விதி ஆபத்தாகவும் முடியலாம். அதைக் காட்ட எங்கள் ஆசிரியை 40 பெயர்கள் கொண்ட 'மாணவியர்' என்ற பயிற்சி அட்டவணையை அமைத்தார். அதில் 'பதிவெண்' என்று ஒரு நெடுவரிசை. 'விலகியோர்' என்ற மற்றோர் அட்டவணையில் 3 வரிசைகளே. அங்கே நெடுவரிசையின் பெயர் வெறும் 'எண்'. பின்னர், "விலகியோரில் உள்ள பதிவெண் எவையோ, அவற்றை உடையவரை மாணவியரிலிருந்து நீக்கு" என்று கட்டளையிட்டார். 3 பெயர்கள் நீங்க வேண்டிய இடத்தில் 40 பெயர்களும் நீங்கின! பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை.

காரணம் எளிது. விலகியோரில் 'பதிவெண்' இல்லை. ஆகவே கணினி வெளியே வந்து மாணவியரின் பதிவெண்ணையே எடுத்துக்கொண்டது. ஒவ்வொருத்தியின் எண்ணையும் அவளுடைய எண்ணோடேயே ஒப்பிட்டது. தன்னோடு தான் பொருந்தாதவர் யார்? விலகியோர் பட்டியல் காலியாக இருந்திருந்தால் ஒருவரும் நீங்கியிருக்க மாட்டார். அதில் ஒரே ஒரு வரிசை இருந்தாலும் அனைவரும் நீங்குவர்.

அது பயிற்சி அட்டவணை. அதுவே குடும்ப அட்டைப் பட்டியலாகவோ நோயாளிகளின் பட்டியலாகவோ இருந்தால், ஒவ்வொரு வரிசையும் ஓர் உயிருள்ள மனிதர் அன்றோ?

இதற்குக் காப்பு என்ன? அட்டவணையின் பெயரையும் சேர்த்து, 'விலகியோர்.பதிவெண்' என்று முழுமையாக எழுத வேண்டும். அப்போது கணினி வெளியே தேடாது. அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று உடனே சொல்லிவிடும். துணை வினவலை முதலில் தனியே இயக்கிப் பார்ப்பதும் நன்று. சுற்றி வெளிச்சுற்று இல்லாததால் குறை அங்கேயே வெளிப்படும். நீக்குவதற்கு முன் எத்தனை வரிசைகள் நீங்கும் என்று எண்ணிப் பார்ப்பது இன்னும் நன்று.

ஸ்ரீரங்கத்தில் ஆண்டாள் சன்னதிக்கு வழி கேட்டால், "உள் ஆண்டாளா, வெளி ஆண்டாளா?" என்று கேட்பார்கள். கிழக்கு வீதி என்றால், உத்திர வீதியா சித்திரை வீதியா என்று விசாரிப்பார்கள். மனிதர் ஐயம் வந்தால் திரும்பக் கேட்பர். கணினி கேட்பதில்லை, போகும் வழியில் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறது.

ஆகவே தோழியரே, சுருங்கச் சொல்வது அழகுதான். ஆனால் ஒருவர் பெயரை நீக்கும் வேளையில் முழுப் பெயரையும் சொல்வதே பொறுப்பு.

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்