சிந்திய கதிர்

தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பாதிரியார் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அச்சேற்றிவிட்டார். பழைய ஏற்பாட்டிலோ ரூத் என்னும் சிறு புத்தகம் வரையில்தான் அவரால் வர முடிந்தது. 1719-ல், 36 வயதில், மரணம் குறுக்கிட்டது. மீதியை முடித்தவர் ஷுல்ட்சே. ஒரு ஏழை விதவை கதிர் பொறுக்கிய கதையோடு அந்த மனிதரின் பேனா நின்றது என்பது என் மனத்தை விட்டு அகலாத செய்தி.

கதை எளிது. பஞ்சம் பிழைக்க மோவாப் தேசம் போன பெத்லகேம் குடும்பத்தில் ஆண்கள் மூவரும் மாண்டுபோகிறார்கள். மாமியார் நகோமி ஊர் திரும்புகிறாள். மோவாபியப் பெண்ணான மருமகள் ரூத்தும் கூடவே வருகிறாள். போவாஸ் என்பவரின் வயலில் வாற்கோதுமைக் கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போடுகிறாள். முடிவில் போவாஸே அவளை மணக்கிறார். நான்கு அதிகாரம், 85 வசனம். இதைக் காதல் கதை என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை.

மதகடிப்பட்டில், செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் பேர்போன அந்த ஊரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடி விவிலியம் படிப்பார்கள். தினம் ஒரு வசனமாகக் கிள்ளிப் படிக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்தால் முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசிப்பார்கள். சென்ற தை மாதம் ரூத்.

அறுக்கும்போது வயலோரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்தியதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமத்தில் சட்டமே இருக்கிறது என்றார் ஆசிரியர். ஆகவே ரூத் எடுத்தது பிச்சை அல்ல, உரிமை. அப்போது மூலையில் இருந்த ஒரு பாட்டி வாய் திறந்தாள். சின்ன வயதில் கதிர் பொறுக்கியவள்.

"பொறுக்கறதுல கஷ்டமில்ல தம்பி. வரப்புல நிக்கறவன் மொகத்தப் பாக்கறதுதான் கஷ்டம்."

போவாஸ் தம் ஆட்களிடம், அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே சிலதை உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று சொல்லிவைக்கிற இடம் வந்தது.

"அதான் பெரிய மனுசன். கேக்காம எடுத்துக்க வுட்டாரு, பாத்தியா?"

எத்தனையோ விரிவுரைகளில் நான் காணாத விளக்கம் இது. சாலைக்கு அப்பால் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கொக்குகள்தாம் நடந்தன.

யூதர்களின் வேத வரிசையில் ரூத் 'எழுத்துகள்' என்ற பகுதியில் கிடக்கிறாள். கிறிஸ்தவர்களோ அவளை நியாயாதிபதிகளின் ரத்தக்களரிக்கும் அரசர்களின் கதைக்கும் நடுவே வைத்தார்கள். அவளுடைய பேரனின் மகன் தாவீது. உபாகமம் மோவாபியனைப் பத்துத் தலைமுறை ஆனாலும் சபைக்குள் சேர்க்காதே என்கிறது. அப்படிப்பட்ட சட்டத்துக்கு எதிரே இந்தச் சின்னப் புத்தகம் ஒரு மோவாபியப் பெண்ணை அரச வம்சத்துப் பாட்டியாக்கிக் காட்டுகிறது. இரண்டும் ஒரே நூல் கட்டுக்குள் இருக்கின்றன. மத்தேயு இயேசுவின் வம்ச வரிசையை எழுதும்போது, அத்தனை ஆண்களுக்கு நடுவே தாமார், ராகாப், உரியாவின் மனைவி ஆகியோருடன் ரூத்தையும் சேர்த்தார். விட்டுவிட்டால் கேட்பார் இல்லை. அவர் விடவில்லை.