ரெண்டு பிரவுனும் ஒண்டுதானே?

தரம் 1 வகுப்பறைப் பெயின்டுக்கு உதவிய பெற்றோர், பழைய மாணவர்கள் எல்லோருக்கும் ஜஸாகல்லாஹு ஹைரன். "ரெண்டு பிரவுனும் ஒண்டுதானே, இதுக்குப் போய் நாலு நாளா?" என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சுவரின் கீழே 4 அடிக்குக் கடும் நிறம் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. சின்னக் கைகள் படும் இடம். அட்டையில் பிடித்தவை இரண்டு. ஒன்று கறுவாப்பட்டை போல, உள்ளே சிவப்பு ஓடும் கபிலம். மற்றது களப்புச் சேறு போல, லேசாகப் பச்சை கலந்தது. கடை வெளிச்சத்தில் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. நிறம் கலந்த டின்னைக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். காசோ ஊரின் காசு. அதனால் இரண்டிலும் சின்ன டின் வாங்கி, 2 அடிச் சதுரமாக இரண்டு கோட் அடித்துக் காயவிட்டோம். (ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இமல்ஷன் காய்ந்தால் இன்னும் கடுமையாகும்.) காலை 7.30, 10.30, பள்ளி விடும் 1.30 என்று பிள்ளைகள் இருக்கும் நேரங்களில் மட்டும் பார்த்தோம். இரவில் டியூப்லைட்டில் பார்க்கச் சொன்ன நானா மன்னிக்கவும், இரவில் அங்கே பல்லிதான் படிக்கும்.

வெயில் ஏறியதும் சிவப்புச் சீமெந்துத் தரையின் சாயல் சுவரில் விழுந்தது. கறுவாப்பட்டை செங்கல்லாகிவிட்டது. களப்புச் சேறு அசையவில்லை.

ஆனால் இந்த வகுப்பில் ஒரு மகனுக்குப் பார்வை குறைவு. அவரின் உம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். சுவரைத் தடவித்தான் வாசலுக்கு வருவார். கூட்டி வந்து காட்டினோம். இரண்டு சதுரமும் அவருக்கு ஒன்றுதான். கதவு நிலையும் கடும் கபிலம், அதனால் எந்தச் சதுரத்தின் பக்கத்திலும் சுவர் எங்கே முடிகிறது, வாசல் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குப் பிரியவில்லை. நிலையில் வெள்ளைக் கடதாசி ஒட்டிப் பார்த்தோம். சுவரைத் தொடாமலே வெளியே போனார். உம்மா ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆக, சுவருக்குக் களப்புச் சேறு. டின்கள் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துதான் அடித்தோம், டின்னுக்கு டின் நிறம் சற்று மாறும். நிலைக்கு வெள்ளை எனமல். வெள்ளையில் அழுக்குப் பிடிக்கும் என்கிறார் பாஸ். பிடிக்கட்டும், துடைக்கலாம்.

மற்ற வகுப்பு நிலைகளையும் சேர்த்து வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு அடிக்கிறோம். வீட்டில் 2 அங்குல பிரஷ் இருந்தால் கொண்டு வாருங்கள்.