நால்வரில் ஒருவர்

நுழையும்முன்

நோயுற்றவரின் வீட்டில் முதலில் எழும் வினா, 'எப்போது குணமாகும்?' என்பதே. மருத்துவ அறிவியல் அவ்வினாவிற்கு ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. அம்மதிப்பீட்டை எவ்வாறு புரிந்துகொள்வது, மீள்பவருக்கு எவ்வாறு துணைநிற்பது என்பவற்றைத் தம் குடும்ப அனுபவத்தின்வழி எடுத்துரைக்கிறார் கட்டுரையாளர்.

நழுவிய குவளை

என் தந்தையார் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவருடைய கையெழுத்தை ஊரே அறியும். திருமண அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுத அவரைத்தான் நாடி வருவர். ஒருநாள் காலை, காப்பிக் குவளை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முயன்றார், வலக்கை எழவில்லை. வாய் ஒருபுறம் கோணியிருந்தது, பேச்சுக் குழறியது. உடனே 108 அவசர ஊர்தியை அழைத்தோம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டிருந்தது. பக்கவாதங்களுள் பெரும்பான்மையானவை இவ்வகையினவே. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். அப்பாவுக்கு அது உரிய நேரத்தில் கிடைத்தது. உயிர் தப்பியது; கால் மெல்லத் தேறியது. வலக்கை மட்டும் படுக்கையில் அசைவற்றுக் கிடந்தது.

தெரிந்து தெளிவோம்

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து தாழ்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றும் பக்கவாதத்தின் முதன்மை அறிகுறிகள். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரையவேண்டும். அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாள்.

மருத்துவர் சொன்ன கணக்கு

இரண்டாம் நாள், மருத்துவர் அப்பாவிடம் இரண்டு செயல்களைச் செய்யச் சொன்னார். தோளைப் பக்கவாட்டில் உயர்த்தவேண்டும். மடங்கிய விரல்களை நீட்டவேண்டும். இரண்டும் இயலவில்லை. "மறுபடியும் எழுதுவாரா?" என்று கேட்டேன்.

நெதர்லாந்து நாட்டில் நடைபெற்று 2010இல் வெளியான ஓர் ஆய்வை அவர் விளக்கினார். இரண்டாம் நாளிலேயே இவ்விரு அசைவுகளும் சிறிதளவேனும் இருப்பின், ஆறு மாதத்தில் கைத்திறன் ஓரளவு மீள்வதற்கான வாய்ப்பு 98 விழுக்காடு. இரண்டும் இல்லையெனில் 25 விழுக்காடு. நான் கண்கலங்கியதைக் கண்டவர், "நால்வரில் ஒருவருக்குக் கை மீள்கிறது. அந்த ஒருவர் யார் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது" என்றார். அவர் கூறியது மதிப்பீடு; நான் அதைத் தீர்ப்பாகக் கேட்டுக்கொண்டேன்.

ஊட்டிய கை

வீடு திரும்பியபின், அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினார். நான் சட்டைப் பொத்தான்களைப் பூட்டினேன். அப்பா ஒரு சொல்லைத் தேடித் தடுமாறும்போது, நானே அதைச் சொல்லி முடித்தேன். நாளடைவில் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பக்கவாதத்திற்குப் பின் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறது என்பதை அப்போது நான் அறியேன்.

2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்வழி, இயன்முறை மருத்துவர் ஒருவர் எங்கள் வீட்டிற்கு வந்தார். அப்பாவின் ஆள்காட்டி விரல் இலேசாக நீள்வதைக் கண்டு, "இது எப்போதிலிருந்து?" என்று வினவினார். எங்களுக்குத் தெரியவில்லை. வேலையே கொடுக்காத கையை யார் கவனிப்பார்?

"அம்மா, நீங்கள் ஊட்டுகின்ற ஒவ்வொரு கவளமும் ஐயாவின் கைக்குரிய பயிற்சி" என்றார் அவர். அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டாப் என்பாரைப் பற்றியும் கூறினார். ஒரு கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகள், அசைக்க இயன்றபோதும் அக்கையைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டன. நல்ல கையைக் கட்டிவைத்தபோது மீண்டும் பயன்படுத்தின. மூளைக்கு நெகிழ்திறன் உண்டு. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, சிதையாத பகுதிகள் புதிய இணைப்புகளை உருவாக்குகின்றன. முதல் மூன்று மாதங்களில் மீட்சி விரைவாக நிகழ்கிறது. அதன்பின்னும் மெதுவாகத் தொடர்கிறது. அந்த மூன்று மாதங்களில் ஒன்றரை மாதத்தை எங்கள் அன்பே விழுங்கியிருந்தது.

சிதறிய பருக்கைகள்

மறுநாள் முதல் அப்பாவின் முன் தட்டு வைக்கப்பட்டது. பாதிச் சோறு தரையில் சிதறியது. ஊட்டிவிட எழுந்த கையை, அம்மா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். இயன்முறை மருத்துவர் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு நாளும் டம்ளரைப் பற்றுதல், புளியங்கொட்டைகளைப் பொறுக்குதல், துண்டை மடித்தல் எனப் பயிற்சிகள் தொடர்ந்தன. நானும் காத்திருக்கக் கற்றேன். அப்பா ஒரு சொல்லைத் தேடினால், அது வந்துசேரும்வரை வாய்திறவாதிருந்தேன். சில வேளைகளில் ஒரு தொடர் முடிய ஒரு நிமிடம் ஆகும். ஆயினும் அது அவருடைய தொடர்.

ஏழாம் மாதத்தில், உறவினர் ஒருவர் அழைப்பிதழ் உறைகளுடன் வந்தார். அப்பா எழுதுகோலை வாங்கினார். ஒரு பெயர் எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்துகள் கோணியிருந்தன; ஊர் அறிந்த பழைய கையெழுத்து அன்று அது. இனி ஒருபோதும் அது திரும்பாமலும் போகலாம். அப்பா அந்த உறையைச் சற்று நேரம் உற்றுநோக்கினார். பின்பு, "இன்னொன்று… கொடு" என்றார்.