வேட்டிக்கும் கண்டாங்கிக்கும் ஏற்ற செருப்பு

செட்டிநாட்டில் ஒரு கல்யாணம், மணிவிழா என்றால் எந்தப் புடவை, எந்த நகை என்று பத்து நாள் யோசிக்கிறோம். காலுக்கு எதைப் போடுவது என்பது மட்டும் பஸ் ஏறும்போதுதான் ஞாபகம் வரும். என் கணவரின் உறவுக்காரர்கள் கண்டரமாணிக்கத்தில் இருப்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே போய் வருகிறோம். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சகோதரிகளே.

கண்டரமாணிக்கம் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் வட்டத்தில் இருக்கிறது. (வடக்கே தனி மாவட்டமாக இருக்கும் திருப்பத்தூர் வேறு.) பட்டமங்கலம் பக்கத்து ஊர். பஸ்ஸை விட்டு இறங்கினால் செம்மண். ரோட்டோரமெல்லாம் சீமைக்கருவேல மரம். அதன் முள் மெல்லிய ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிடும். கிராமத்து ஆட்கள் கனமான டயர் செருப்பை விடாததற்குக் காரணம் இதுதான். ஆகவே அடி கனமாக இருக்க வேண்டும்; இது முதல் கணக்கு.

இரண்டாவது கணக்கு, எத்தனை தடவை கழற்ற வேண்டும் என்பது. செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிட வேண்டும். உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்த தளம். சிமெண்டும் மணலும் சேர்த்து, கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்கிற கல் அது. நடக்க நடக்கத்தான் மினுமினுப்பு ஏறும். "தளத்துக்கு மணல்தான் ஆத்தா எமன். செருப்போட வர்றது மணலைக் கொண்டாந்து தேய்க்கிற மாதிரி" என்பார் அந்த வீட்டு ஆச்சி. அங்கே போய்க் குனிந்து லேஸ் அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தால் பந்தியே முடிந்துவிடும்!

மூன்றாவது, உடை. வேட்டிக்கு அகலப் பட்டை வைத்த, குதிகால் திறந்த தோல் செருப்பு பொருந்தும். கோலாப்பூர்ச் செருப்பும் அழகுதான். மழைக்கு மட்டும் ஆகாது. கொக்கி வைத்த பின்பட்டையில் வேட்டிக் கரை மாட்டிக் கிழியும். அப்படிப் பட்டை வைத்ததைத்தான் போட வேண்டுமென்றால் வேட்டியைக் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள்.

நமக்கும் அப்படியே. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இளம் பெண்களும் ஆசையாகக் கட்டுகிறார்கள். பழைய ஆச்சிமார் அதைப் பின்கொசுவம் வைத்து, பாதம் தெரியக் கட்டினார்கள். நாம் கொசுவத்தைத் தரைவரை விட்டு, உயரக் குதி போட்டால் கொசுவம் குதியில் மாட்டும். செம்மண் தெருவில் கால் பிரளும். தட்டையான அடியே நல்லது.

ஸ்காட்லாந்து நாட்டு ஆண்கள் கட்டும் கில்ட் என்ற கம்பளி உடையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். முழங்கால்வரை காலுறை, அதற்குமேல் நாக்கில்லாத ஷூ, நீளக் கயிற்றைக் கணுக்காலில் சுற்றிக் கட்டுகிறார்கள். அவர்கள் ஊர் குளிரும் ஈரமும் சதுப்பும். நமக்கு வெயிலும் முள்ளும் வாசற்படியும். எந்த ஊரானாலும் நடக்கிற மண்ணுக்குத் தக்கதுதான் உடைக்கும் பொருந்துகிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் கணவரின் பெரியம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு சித்திரை மாத நண்பகலில் ஒரு கோவிலின் வெளிப் பிரகாரத்தைக் கருங்கல் தரையில் சுற்றி வந்தார். சுட்டதாகவே தெரியவில்லை. ராத்திரி பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்! ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. சர்க்கரை நாள்பட்டால் கால் நரம்புகள் மரத்துப்போகும். சூடும் முள்ளும் உறைக்காது. சின்னப் புண் பெரிதாகி, விரலையோ காலையோ எடுக்கும்படிகூட ஆகிவிடும்.

இவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தளமோ செருப்பு ஆகாது என்கிறது. என்ன செய்வது? வெளியே ஒருநாளும் போடாத, கழுவித் துடைத்த எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடியைப் பையில் எடுத்துப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் ஆச்சியே, "தளம் போனா வேற பதிக்கலாம், கால் போனா வருமா? போட்டுக்கங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டார்.

சில குறிப்புகள்:

* செருப்பைச் சாயங்காலத்தில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். அளவு சரியாக அமையும்.

* புதுச் செருப்பைக் கல்யாணத்தன்றே போடாதீர்கள். நாலைந்து நாள் முன்பிருந்தே தினம் ஒரு மணி நேரம் வீட்டில் போட்டுப் பழகுங்கள்.

* சர்க்கரை உள்ளவர்களுக்கு விரலிடுக்கில் வார் வைத்தது வேண்டாம். அகலப் பட்டையும், ஒட்டுகிற பின்பட்டையும் உள்ளது நல்லது.

* கோவிலுக்குக் காலையில் வெயில் ஏறுமுன் போகட்டும். கனமான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம்.

* தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களில் வெறுங்காலோடு போகிறவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அப்படி வேண்டிக்கொள்ள வேண்டாம்.

* செருப்பை உதறிப் பார்த்தே காலை விடுங்கள். தேளோ கல்லோ இருக்கலாம். இரவில் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.