தேய வேண்டியது எது?

நீடித்து உழைக்கும் உதிரிப்பாகம் என்றால் மிகக் கடினமான பாகம் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டால் இந்த எண்ணம் நெடுநேரம் நிற்பதில்லை.

என் தந்தையார் விட்டுச்சென்றது 1972-ஆம் ஆண்டின் 350 சி.சி. புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து, 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் பிறந்த வண்டி. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 90 மி.மீ. அகலத்தைவிட உயரம் மிகுந்த எஞ்சின். ஆகவே நிதானமாக மூச்சுவிடும்.

அதன் கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே இருப்பது ஒரு மிதக்கும் புஷ். எதிலும் இறுகப் பொருத்தப்படாத உலோக வளையம். பின் சுழல, அதைவிட மெதுவாகத் தானும் சுழன்று, உராய்வைத் தன் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் பகிர்ந்துகொள்கிறது. கிராங்கின் உள்வழியே அழுத்தத்தோடு வரும் எண்ணெய்தான் அதன் உயிர். எண்ணெய்ப் படலம் அறுந்தால் முதலில் சாவது புஷ்தான். அப்படிச் சாகவேண்டும் என்பதற்காகவே அது மென்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது.

பாளையங்கோட்டையில் எங்கள் வண்டியைக் கட்டிய மெக்கானிக் அண்ணாச்சிக்கு எழுபதை நெருங்கும் வயது. “ரெண்டு பேரு உரசினா ஒருத்தன் விட்டுக் குடுக்கணும்லா சார்? வெல கொறஞ்சவன் விட்டுக் குடுக்கட்டும்” என்றார். பொருட்செறிவில் ஒரு நூற்பாவுக்குச் சமம் என்று அப்போது தோன்றியது.

பிஸ்டனிலும் இதே கணக்குதான். ஃபோர்ஜிங் முறையில் செய்த பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிட வலியது. ஆனால் பொதுவாகச் சூட்டில் கூடுதலாக விரியும். அதற்கென இடைவெளியை அதிகம் விட்டால் குளிர்ந்த எஞ்சினில் தட்டுகிற ஓசை கேட்கும். கல்லூரிக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டிக்கு அது எதற்கு? நல்ல வார்ப்புப் பிஸ்டன் போதும் என்று முடிவாயிற்று. குரோம் பூசிய ரிங் நெடுநாள் உழைக்கும். ஹோனிங் சரியில்லாத போரில் அது படிய மறுத்து எண்ணெயைப் புகைத்துக்கொண்டே இருக்கும். எனவே ரிங்குக்குச் செலவழிப்பதற்கு முன் லேத்துப் பட்டறைக்காரரின் கையைப் பார்க்க வேண்டும்.

கடினம்தான் சரி என்று ஆன இடமும் ஒன்று உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் நின்றுபோனது. அந்த ஈயம் வால்வு இருக்கைகளின்மேல் ஒரு காப்புப்போல் படிந்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையை மட்டும் கடினமான உலோகத்தில் மாற்றச் சொன்னேன். கால மாற்றத்தால் பழையன போய்ப் புதியன வருவது குற்றமன்று என்று நன்னூலார் சொற்களைக் குறித்துச் சொன்னது பெட்ரோலுக்கும் பொருந்தும்போலும்.

சிக்கல் கிராங்கில்தான் வந்தது. மிதக்கும் புஷ்ஷுக்குப் பதிலாக ரோலர் பேரிங் பொருத்திய கனெக்டிங் ராடு கிடைக்கிறது. அதற்கு எண்ணெய் குறைவாக இருந்தாலும் போதும். நெடுஞ்சாலையில் நாள்முழுதும் ஓட்டுபவர் அதைத் தேர்ந்தால் தவறு சொல்லமாட்டேன். புஷ்ஷின் பெருமையை எனக்கு விளக்கிய அண்ணாச்சியே ரோலரைப் பரிந்துரைத்ததுதான் வியப்பு.

“ரோலர் வேலை தெரிஞ்சவன் ஊருக்கு நாலு பேரு இருப்பான். புஷ்ஷப் போட்டா எனக்கப்புறம் யாருட்ட போவிய?”

பாகத்தின் ஆயுளோடு, அதைப் பொருத்தத் தெரிந்தவரின் ஆயுளையும் அவர் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார். எந்த விற்பனைக் கடையிலும் எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எண்ணெய் பம்ப் நல்ல நிலையில் இருந்தது; கிராங்க் பின்னிலும் கீறல் இல்லை. புஷ்ஷே இருக்கட்டும் என்றேன், ஒரு நிபந்தனையோடு: பொருத்தும்போது நானும் உடன் இருப்பேன். இரண்டு மாலைகள் ஆயின. புஷ்ஷைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, எண்ணெயிட்டு, விரலால் சுழற்றி, மீண்டும் தேய்த்தார். பிறகு கிராங்கை டயல் கேஜில் வைத்து மையம் பார்த்தார். இடைவெளி அளவுகளை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். என்னோடு, பட்டறையில் வேலை பழகும் பையனும் எழுதினான், சீரான கையெழுத்து. மாற்று புஷ் ஒன்றையும் வாங்கி, எண்ணெய்த் தாளில் சுற்றி, அவனிடமே கொடுத்துவைத்திருக்கிறேன்.